முதலில் ஒரு லக்கைக் கழற்றுங்கள்: பழைய டிரம் உறைகள் பற்றிக் கேள்வி பதில்

பழைய டிரம்களின் ஷெல் (டிரம்மின் மர உருளை) மேல் ஒட்டியிருக்கும் பளபளப்பான பிளாஸ்டிக் உறையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, 60களின் செட் ஒன்று கையில் வந்திருக்கிறது. விற்றவர் ஷாம்பெய்ன் ஸ்பார்க்கிள் (தங்க மினுக்கு) உறை என்றார், நண்பன் சில்வர் ஸ்பார்க்கிள் (வெள்ளி மினுக்கு) என்கிறான். எது சரி?

பதில்: தம்பி, வெளியே தெரிகிற நிறத்தை வைத்துப் பஞ்சாயத்து பண்ணினால் இது தீரவே தீராது. ஸ்பார்க்கிள் உறையில் மினுக்குத் துகள்களுக்கு மேலே ஒரு தெளிவான அடுக்கு இருக்கும். வெயிலும் சிகரெட் புகையும் வருடங்களும் சேர்ந்து பழுப்பாக்குவது அதைத்தான், துகள்களை அல்ல. அதனால் வெள்ளி தங்கம் போலத் தெரியும், நீலம் பச்சைக்குத் திரும்பும். பச்சை ஸ்பார்க்கிள் என்று வாங்கிவந்து லக்கை, அதாவது அடிக்கும் தோலை இறுக்கும் திருகு வந்து மாட்டும் உலோகத் துண்டை, கழற்றியதும் அடியில் நல்ல நீலம் சிரிப்பதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

எனவே ஹெட்டை (அந்தத் தோலை) தளர்த்தி எடுத்துவிட்டு, உள்ளிருந்து திருகைக் கழற்றி ஒரே ஒரு லக்கை மட்டும் வெளியே எடுங்கள். அதன் நிழலில் ஐம்பது அறுபது வருடம் ஒளிந்திருந்த இடம்தான் உங்கள் டிரம்மின் உண்மையான நிறம். கம்பெனிப் பெயர் பொறித்த பேட்ஜைத் தொடாதீர்கள். அதைப் பிடித்திருப்பது காற்றுத் துளையில் அடித்த சின்ன உலோக வளையம்; நெம்பினால் வளைந்துவிடும், பேட்ஜ் வளைந்த டிரம்முக்கு அப்புறம் மதிப்பில்லை. லக் அடியிலும் தங்க நிறமே இருந்தால் ஷாம்பெய்ன். வெள்ளியாக இருந்தால் உங்கள் நண்பனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ வைத்திருந்த அதே பிளாக் ஆய்ஸ்டர் உறையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அமெரிக்க டிரம் கம்பெனி லுட்விக் அதை ஆய்ஸ்டர் பிளாக் பேர்ல் என்று அழைத்தது. ரிங்கோ ஸ்டார் 1963-ல் லண்டனில் அந்த செட்டை எடுத்தார். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் அதே உறை போட்ட இன்னொரு செட்டை அமெரிக்காவே பார்த்தது. அப்புறம் யாருக்கும் வேறு நிறம் பிடிக்கவில்லை, அதனால் இன்றும் ஆளாளுக்கு "அதே செட்" என்று விற்கிறார்கள். எல்லா ஆய்ஸ்டரும் ஒன்றல்ல. 60களின் நடுவில் வந்ததில் கறுப்புக்கு நடுவே சாம்பல் வெள்ளை அலைகள் புகை மாதிரிப் படலம் படலமாக நீளும். 60களின் கடைசியிலிருந்து வந்ததில் வடிவம் மாறி, சுழல் சுழலாக உருண்டு நிற்கும். சேகரிப்பவர்கள் அதைப் பௌலிங் பால் என்பார்கள், பௌலிங் பந்தைப் பார்த்திருந்தால் பெயர் சட்டென்று புரியும். நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிவது சுழல்தான். நல்ல டிரம், ஆனால் ரிங்கோவுடையது இல்லை.

கேள்வி: உறையை மட்டும் வைத்து வருடம் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. ஷெல்லின் உள்ளே பாருங்கள். உதாரணமாக லுட்விக்கில் உள்புறம் வெள்ளைப் பெயின்ட் என்றால் 60களின் தொடக்கம் அல்லது அதற்கு முன், சாம்பல் புள்ளி தெளித்த பூச்சு என்றால் 60களின் பெரும்பகுதி. சிலவற்றில் சிவப்பு மையில் தேதி முத்திரையே இருக்கும். உறை சாட்சி மட்டும்தான்.

கேள்வி: உறை செல்லுலாய்டா, பின்னால் வந்த வேறு பிளாஸ்டிக்கா? ஓரத்தைச் சுரண்டி எரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பதில்: எரிக்காதீர்கள்! பழைய செல்லுலாய்டு என்பது நைட்ரோ செல்லுலோஸ், பழைய சினிமாச் சுருள்கள் பற்றி எரிந்ததும் இதே பொருளால்தான். துளி என்று நினைத்து டிரம் பக்கத்தில் வைத்துக் கொளுத்துவது வீண் வம்பு. அதை மென்மையாக்கக் கற்பூரம் சேர்ப்பார்கள், அதனால் லக் அடியில் மறைந்திருக்கும் ஓரத்தை விரலால் வேகமாகத் தேய்த்து மோந்து பார்த்தால் கற்பூர வாசனை லேசாக வரும். எனக்குத் தெரிந்து இதைவிடப் பாதுகாப்பான சோதனை இல்லை. அசிடோன், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டையும் அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், செல்லுலாய்டு அதில் கரைந்துவிடும்.

கேள்வி: என் டிரம்மில் இருப்பது ஒயிட் மரைன் பேர்ல் என்ற வெள்ளை முத்து உறை, இப்போது பல் கறை மாதிரி மஞ்சள். வெள்ளையாக்க முடியுமா சார்?

பதில்: இரண்டு மஞ்சள் இருக்கிறது. ஒன்று மேலே படிந்த புகைக் கறை. மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியிலேயே பழுப்பாக வந்துவிடும், மிச்சத்துக்குப் பிளாஸ்டிக்குக்கான மெல்லிய பாலிஷ் போதும். மற்றொன்று பொருளுக்குள்ளேயே ஏறிய மஞ்சள். அது போகாது. அதைத் தேய்த்தே எடுக்கிறேன் என்று இறங்குகிறவர்கள் மேல் அடுக்கைத்தான் தேய்த்து எடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் பழைய மரைன் பேர்ல் வெண்ணெய் நிறத்தில்தான் அழகு.

கேள்வி: எனக்கு ஒரு டாம் (செட்டில் உள்ள நடுத்தர அளவு டிரம்) மட்டும் தொலைந்துவிட்டது. வேறு ஷெல் கிடைத்திருக்கிறது. அதே ஃபினிஷில் புது ஷீட் வாங்கி ஒட்டினால் பொருந்துமா? பெயர் ஒன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: பெயரை நம்பி ஏமாந்த கதை என்னிடமே இருக்கிறது. ஆரம்ப காலத்தில் ஒரு ஃப்ளோர் டாமுக்கு (தரையில் நிற்கும் பெரிய டாம்), விற்பனையாளர் திரையில் காட்டிய படத்தைப் பார்த்து ஷாம்பெய்ன் ஸ்பார்க்கிள் வாங்கி இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் அற்புதம். காலையில் ஜன்னலைத் திறந்தேன், பழைய பேஸ் டிரம் தேன் நிறத்தில், என் ஃப்ளோர் டாம் இளஞ்சிவப்பில், பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி ஒட்டாமல் நின்றது.

அதற்கப்புறம் கையளவு மாதிரித் துண்டு வாங்காமல் எதையும் ஒட்டுவதில்லை. துண்டை வெயிலில் ஒரு தடவை, மஞ்சள் விளக்கில் ஒரு தடவை, பழைய டிரம்மின் மங்கிய பகுதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லக் அடியில் இருக்கும் புதுநிறத்தோடு பொருத்திப் பார்த்துவிட்டு "ஆஹா" என்று வாங்கினால், மேடையில் நிற்கும்போது மற்ற டிரம்கள் மங்கலாகவும் இது மட்டும் புதுசாகவும் இருக்கும். நிறத்தைவிட முக்கியமாகத் துகள்களின் அளவைப் பாருங்கள். பழையவற்றில் பலவற்றில் கண்ணாடித் துகள் இருந்தது, பெரிசும் சின்னதுமாக ஒழுங்கில்லாமல் கிடக்கும். இப்போதைய பல ஷீட்டுகளில் துகள் ஒரே சீராக இருப்பதால் தூரத்திலிருந்தே வித்தியாசம் தெரியும்.

சாட்டின் ஃப்ளேம் என்ற பட்டை போட்ட உறை என்றால் இன்னொரு வில்லங்கம். வெளிச்சம் வரும் திசையைப் பொறுத்து அதன் பட்டைகள் இருட்டும் வெளிச்சமுமாக மாறும், பட்டுத் துணி போல. ஷீட்டைத் திருப்பிப் போட்டால் அதே ஷீட் வேறு நிறமாகத் தெரியும். வெட்டுவதற்கு முன் பழைய டிரம் மேல் பிடித்துப் பார்த்துத் திசையைப் பென்சிலால் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷீட் நீளம் எவ்வளவு வெட்டுவது?

பதில்: 14 அங்குல டிரம் என்றால் 14-ஐ வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஷெல் அதைவிடச் சற்றுச் சின்னது. ஷெல்லின் வெளிப்புற விட்டம் 35.2 செ.மீ. என்றால் சுற்றளவு 110.6, ஒரு முனை மறுமுனை மேல் படிய 2.5 செ.மீ. சேர்த்து ஏறக்குறைய 113. ஆனால் காகிதப் பட்டையைச் சுற்றி அளப்பதுதான் பிழையில்லாத வழி. இன்னொன்று, புது உறை பழையதைவிடத் தடிமனாக இருந்தால் ஹெட் இறங்கவே இறங்காது. அதையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள்.

கேள்வி: உறையின் இரு முனையும் சேரும் மூட்டில் ஒட்டு விட்டு இடைவெளி தெரிகிறது. முழுசாக உரித்துப் புதுசு போடலாமா?

பதில்: கற்பூரம் மெல்ல ஆவியாகப் போவதால் செல்லுலாய்டு சுருங்குகிறது, சுருங்குகிறதால் மூட்டு திறக்கிறது. இழுத்து ஒட்டினால் வேறு இடத்தில் விரியும். இருக்கிற நிலையிலேயே மெல்லிய பசையை உள்ளே செலுத்தி, துணிப் பட்டையால் இறுக்கி ஒரு நாள் விடுங்கள், மிச்ச இடைவெளி இருந்துவிட்டுப் போகட்டும். மங்கியிருந்தாலும் அசல் உறைக்குத்தான் வாங்குபவர்களிடம் மதிப்பு. உரிப்பது, உறை பொடிந்து உதிரும்போது மட்டும். பொடிகிற உறை அமில ஆவி விட்டு அருகிலுள்ள உலோகத்தையும் அரிக்கும், அதை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: கடைசியாக ஒன்று. புது உறையைப் பழசு மாதிரி ஆக்க வழி உண்டா? டீத்தூள் தண்ணீர் போடலாம் என்கிறார்கள்.

பதில்: பிளாஸ்டிக் டீ குடிக்காது. வண்ணம் கலந்த மெல்லிய வார்னிஷ் அடிப்பவர்கள் உண்டு. சீராக வராது, ஒருமுறை அடித்தால் திரும்பவும் முடியாது. நான் செய்வது சோம்பேறி வேலை: மாதிரித் துண்டில் மிக நெருக்கமான நிறத்தைத் தேர்ந்தெடுத்து ஒட்டிவிட்டு, அந்த டாமை வாசிப்பவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைப்பேன். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிகிறதா என்று நண்பனைப் பத்தடி தள்ளி நிற்கவைத்துக் கேட்பேன். தெரியவில்லை என்றால் சரி.