முன்பதிவில்லாத காட்டில் கூடாரம்: சான் ரஃபேல் பள்ளத்தாக்குக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு வணக்கம்.

சாண்ட்லருக்கு வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், அலுவலக நண்பர் ஒருவர் அரிசோனாவின் தென்கோடியில் உள்ள சான் ரஃபேல் பள்ளத்தாக்கில் இரண்டு இரவு தங்க அழைக்கிறார் என்றும், அங்கே முன்பதிவு, கட்டணம், கழிப்பறை, குழாய்த் தண்ணீர் எதுவுமே கிடையாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எச்-1பி விசாவில் இருக்கும் நாம், மனைவியையும் ஐந்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு யாருடைய நிலத்திலோ போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி. டூசானில் நெடுங்காலமாகக் குடியிருந்து அந்தப் பக்கம் அடிக்கடி போய்வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகப் போகலாம், இடத்தையும் மாதத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால்.

யாருடைய நிலம் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளத்தாக்கின் நடுவே விரிந்து கிடக்கும் புல்வெளியில் பெரும்பகுதி தனியார் பண்ணை. அதைச் சூழ்ந்த கனேலோ குன்றுகள், வாச்சுக்கா மலை, பட்டகோனியா மலை ஆகியவற்றின் ஓக் மரச் சரிவுகள் கொரோனாடோ தேசிய வனத்தைச் சேர்ந்தவை. தேசிய வனத்தில் தடை அறிவிக்கப்படாத இடங்களில் அனுமதிச்சீட்டு இல்லாமலேயே 14 நாள் வரை தங்கலாம். அந்த உரிமைக்கும் உங்கள் விசாவுக்கும் தொடர்பில்லை. ஆனால் இந்த மாநிலத்தில் 'ஸ்டேட் டிரஸ்ட்' நிலம் என்று இன்னொரு வகையும் உண்டு. அதில் கால்வைக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். வேலியைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனெனில் வன நிலமும் மாட்டு மேய்ச்சலுக்குக் குத்தகைக்கு விடப்படுவதால் அங்கும் முள்கம்பி ஓடும். வழியில் கேட் மூடியிருந்தால் திறந்து கடந்து மீண்டும் மூடுங்கள். திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். எந்த மண்சாலையில் வண்டி ஓட்டலாம் என்று காட்டும் வரைபடத்தை வனத்துறை இலவசமாகத் தருகிறது. உள்ளே போனால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்பதால் வீட்டிலேயே அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாடுகளும் காட்டு விலங்குகளும் குடிக்கும் நீர்நிலைக்குக் கால் மைலுக்குள் கூடாரம் அடித்து அவை தண்ணீருக்கு வரமுடியாமல் செய்வது அரிசோனாவில் சட்டப்படி குற்றம். தொட்டியருகே நிழலும் சமதளமும் இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும், விலகிப் போய்விடுங்கள்.

அடுத்ததை உங்கள் அமெரிக்க நண்பர் சொல்லமாட்டார், அவருக்கு அதற்குத் தேவையே வந்திருக்காது. பள்ளத்தாக்கின் தென்முனை மெக்சிகோ எல்லை. பக்கத்து ஊரான சொனாய்ட்டாவிலிருந்து வடக்கே திரும்பும் 83ஆம் எண் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி இருப்பதுண்டு. 18 வயது நிறைந்த வெளிநாட்டவர் தம் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். நம்மவர்களில் பலர் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உங்களுடையதும் மனைவியுடையதும் மகளுடையதுமாகக் கடவுச்சீட்டுகளையும், நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 அச்சுப்படிகளையும் எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிட விசாரணையோடு அனுப்பிவிடுவார்கள். இரவில் ரோந்து வண்டி மெதுவாகக் கடந்து போனாலும் பதற வேண்டியதில்லை.

இனி மாதம். மே, ஜூன் வேண்டவே வேண்டாம். இங்குள்ள எமரி ஓக் குளிர்காலம் முழுவதும் பச்சையாக நின்று, மழைக்கு முந்தைய வறட்சியில்தான் பழைய இலையைக் கொட்டும். ஆகவே வெயில் உச்சத்தில் இருக்கும்போதே மரத்தடியில் அப்பளம்போல் நொறுங்கும் சருகும் அதை ஒட்டிக் காய்ந்த புல்லும் சேர்ந்துவிடுகின்றன. 2011 ஜூனில் வாச்சுக்கா மலையில் பற்றிய தீ 30,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. தீ என்றதும் விறகு மூட்டுவதைத்தான் எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் ஓடிவந்த காரின் அடியில் இருந்து புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூடே முழங்கால் உயரப் புல்லைப் பற்றவைக்கப் போதும். எனவே புல்லின் மேல் வண்டியை நிறுத்தாமல், ஏற்கெனவே பலர் தங்கி வெறுந்தரையாகிப் போன இடத்தைத் தேடுங்கள். வனத்துறை தீத்தடை அறிவித்திருந்தால் விறகு கூடாது. திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்பை அப்போதும் பெரும்பாலும் அனுமதிக்கிறார்கள். தடை இல்லாத நாளில் மூட்டினாலும், தண்ணீர் ஊற்றிக் கிளறி, சாம்பலைப் புறங்கையால் தொட்டுச் சூடு இல்லை என்று உறுதியான பிறகே படுக்கப் போக வேண்டும்.

ஜூலையில் மழை தொடங்கிவிடும். பள்ளத்தாக்கு பச்சைப் பட்டு விரித்ததுபோல் ஆகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் வறண்டு கிடக்கும் காட்டாற்று மணலில், மெத்தென்று இருக்கிறதே என்று கூடாரம் அடித்தால், மலைமேல் பெய்த மழை உங்கள் தலைக்கு மேல் ஒரு துளிகூட விழாமலே வந்து சேரும். மண்சாலையும் சேறாகிவிடும். என்னைக் கேட்டால் அக்டோபர்தான் நல்ல மாதம். உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர் என்பதால் இரவில் நன்றாகக் குளிரும். பகல் வெயிலை நம்பி மெல்லிய போர்வையோடு போகாதீர்கள். மாதக் கடைசியில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும். விடியற்காலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் இதுதான் காரணம். மகளுக்கு ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுவிடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்பது இங்குள்ள கணக்கு. நாம் கழுவுகிறவர்கள், ஆறாக வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்கு ஒரு சிறு மண்வாரி போதும்: நீரோடையிலிருந்து 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி எடுத்து மூடிவிட வேண்டும், டிஷ்யூ காகிதம் வறண்ட மண்ணில் எளிதில் மக்காது, பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். உணவையும் எச்சில் பாத்திரத்தையும் காருக்குள் பூட்டுங்கள், மலையில் கருங்கரடி உண்டு. இருட்டிய பிறகு மகள் செருப்போடு நடக்கக் கூடாது: ஒன்று, வாலை ஆட்டி ஒலியெழுப்பும் நச்சுப் பாம்பான கிலுகிலுப்பைப் பாம்பு (ராட்டில்ஸ்நேக்), மற்றொன்று, நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளியான மெஸ்கிட் முள்.

முதல் பயணத்திலேயே நடுப்பள்ளத்தாக்குக்குப் போகாமல், பார்க்கர் கேன்யன் ஏரிக்குப் பக்கத்து வனச்சாலைகளில் இடம் பார்க்கச் சொல்லுங்கள். ஏரிக்கரையில் கட்டணமும் கழிப்பறையும் உள்ள வனத்துறை முகாம் ஒன்று இருக்கிறது. மனைவிக்கோ மகளுக்கோ ஒத்துவரவில்லை என்றால், இருட்டுவதற்குள் அங்கே மாறிக்கொள்ளலாம்.