பதில்: தகரக் கூரை வகுப்பறையில் மதிய வெக்கை

வணக்கம். உங்கள் ஊர்ப் பள்ளியில் தகரக் கூரை வகுப்பறைகள் மதியத்துக்கு மேல் கொதிக்கின்றன, பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள், இடித்துவிட்டு கான்கிரீட் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு இடிக்க வேண்டாம். கான்கிரீட் தளமும் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்து உள்ளே இறக்கும்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான பர்கினா ஃபாசோவில் காண்டோ கிராமத்துத் தொடக்கப் பள்ளியைப் பாருங்கள். அதே ஊர்க்காரரான கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கேரே வடிவமைத்தது, 2001இல் கட்டி முடிந்தது. அங்கேயும் தகரம்தான், ஆனால் அது அறையின் தலையில் நேராக உட்காரவில்லை. களிமண் கல்லில் துளைவிட்ட ஓர் உட்கூரை, அதற்கு மேலே கம்பிச் சட்டத்தில் தகரம் தூக்கி நிற்கிறது. சூடான காற்று துளை வழியே ஏறி இடைவெளியில் வெளியேறிவிடும், ஜன்னலில் புதுக்காற்று வரும். தகரம் சுவரைத் தாண்டி நீள்வதால் மண்சுவர் மழையில் கரையாது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, கட்டியதே ஊர்மக்கள் என்பதுதான். பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் சேர்த்தார்கள், பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். உங்கள் பெற்றோர்களையும் முதலிலேயே உள்ளே இழுங்கள். பராமரிப்புக்கு யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது.

சரி, உங்கள் தகரத்தை உயர்த்தி, கீழே உட்கூரை போட்டு, இரு பக்கமும் காற்றுக்கு வழி விடுங்கள். புயல் அடிக்கும் பகுதி என்றால் கூரையை எப்படிப் பிணைப்பது என்று பொறியாளரிடம் கட்டாயம் கேளுங்கள். அப்புறம், மேற்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா? ஒரு படம் போட்டால் மேலும் சொல்கிறேன்.