பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தானாக எழும் பின் ஸ்பொய்லரைப் பொருத்தலாமா?

பொருத்தலாம். வேகம் கூடியதும் மின்மோட்டாரால் எழுந்து, குறைந்ததும் மடங்கிக்கொள்ளும் பின்பக்கத் தகடுதான் இது. போர்ஷே 964 காரில் மணிக்கு 80 கிலோமீற்றர் அளவில் எழும்.

ஆடிக் காற்று லயத்தின் தகரக் கூரையை மேலே இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அதனால்தானே கல்லை ஏற்றி வைக்கிறோம். காரின் வளைந்த முதுகின் மேல் ஓடும் காற்றும் அப்படித்தான் இழுக்கிறது. பின் சக்கரங்களின் மீதான பாரம் குறைகிறது. வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும். ஸ்பொய்லர் அந்தக் காற்றோட்டத்தைக் குலைக்கிறது.

பழைய காரில் மோட்டாரைவிட வேகத்தை அறிவதே சிக்கல். கேபிளில் இயங்கும் வேகமானி மின்சமிக்ஞை தராது. தனி சென்சார் வேண்டும். எழும் வேகமும் இறங்கும் வேகமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இருந்தால், அந்த வேகத்தை ஒட்டி ஓட்டும்போதெல்லாம் தகடு ஓயாமல் ஏறி இறங்கும் (பார்ப்பவருக்கு வேடிக்கை, மோட்டாருக்குத் தண்டனை). உச்சியில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச், ஃபியூஸ் இரண்டும் அவசியம். நுவரெலியா மழைக்கு இணைப்புகளை நீர் புகாமல் மூடிவிடுங்கள்.

ஹட்டன் வளைவுகளில் இது பிடிமானம் தரும் என்று பலர் நம்புகிறார்கள். 30, 40 வேகத்தில் அது எழவே எழாது, சுவிட்ச் போட்டு எழுப்பினாலும் அங்கே காரைப் பிடித்து நிறுத்துவது டயர்தான்.