கெர்த், சர்க்கம்ஃபரன்ஸ், பெரிமீட்டர்: எல்லாமே சுற்றளவுதானா?

இப்போது மொழிபெயர்ப்பு வேலை. அதற்கு முன் நான்கு வருடம் மரவாடியில் கணக்கு எழுதினேன். 'கெர்த்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அகராதியில் மூன்று சொல்லுக்கும் 'சுற்றளவு' என்றுதான் போட்டிருக்கிறது. எதை எங்கே எழுதுவது?

எதைச் சுற்றி அளக்கிறீர்கள் என்று பாருங்கள். அடிமரம், பார்சல், மாட்டின் நெஞ்சு என்று பருமன் உள்ள பொருளைக் கயிறு போட்டு வளைத்து அளந்தால் கெர்த். வட்டம், கோளம் என்றால் சர்க்கம்ஃபரன்ஸ். பூமத்திய ரேகையில் பூமியின் சுற்றளவு 40,075 கி.மீ. என்பது இந்தக் கணக்கு. மனை, வயல், மதில் என்று தரையில் எல்லையை ஒட்டி நடந்து அளப்பது பெரிமீட்டர். மனைக்குக் கெர்த் என்று எழுதிவிடாதீர்கள்.

சொல் எங்கிருந்து வந்தது?

பழைய நார்ஸ் மொழியிலிருந்து. அங்கே அதற்கு இடைவார் என்று பொருள். குதிரையின் சேணம் நழுவாமல் வயிற்றுக்கு அடியில் இழுத்துக் கட்டும் வாருக்கு இன்றும் ஆங்கிலத்தில் கெர்த் என்றுதான் பெயர். முதலில் வார், அப்புறம்தான் அளவு.

மரம் வாங்கும்போது கெர்த்தை நாலால் வகுக்கிறார்களே, ஏமாற்றுகிறார்களா?

இல்லை. அது ஹாப்பஸ் கணக்கு. எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736இல் இதற்கென்றே வாய்ப்பாட்டுப் புத்தகம் போட்டார். உருட்டுக்கட்டையின் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். 48 அங்குலம் வருகிறது என்று வையுங்கள். நாலில் ஒரு பங்கு 12 அங்குலம், அதாவது ஓர் அடி. அதை அதாலேயே பெருக்கி, 10 அடி நீளத்தால் பெருக்கினால் 10 கன அடி. பில்லில் ஏறுவது இதுதான். பள்ளிக்கூடக் கணக்குப்படி அந்த உருளையில் 12.73 கன அடி இருக்கிறது. மீதி எங்கே? சதுரமாக அறுக்கும்போது சிராயாகவும் தூளாகவும் போவதற்கு விட்ட கழிவு. ஆக, வாங்குகிறவருக்கு நஷ்டமில்லை. சுற்றளவு எடுக்கிறவர் டேப்பைத் தளர்த்திப் பிடிக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டைக்கு மேலேயே அளந்து எழுதி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நிற்கிற மரம் என்றால் வனத்துறை வழக்கப்படி தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், நெஞ்சளவில், அளக்க வேண்டும். விட்டம் வேண்டுமா? 3.14ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் மகன் பார்சல் அனுப்பப் போனால் 'நீளமும் கெர்த்தும் சேர்த்து 108 அங்குலம்' என்கிறார்களாம். பெட்டிக்கு ஏது கெர்த்?

மிக நீளமான பக்கம்தான் நீளம். அதற்குக் குறுக்கே நூல் கட்டினால் எவ்வளவு பிடிக்குமோ அது கெர்த். 40 நீளம், 20 அகலம், 15 உயரம் உள்ள பெட்டி என்றால் கெர்த் 70. மொத்தம் 110. இரண்டு அங்குலத்தில் போச்சு! அந்த நாட்டு அஞ்சல் துறையின் பிரையாரிட்டி மெயிலில் எடுக்க மாட்டார்கள்.

டேப்பை வைத்து மாட்டின் எடை சொல்ல முடியுமா?

தோராயமாக முடியும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, உடல் நீளம் இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ.

டாக்டர் எழுத்தில் எது வரும்?

இடுப்புக்கும் பச்சைக்குழந்தையின் தலைக்கும் சர்க்கம்ஃபரன்ஸ். ஆனால் நீர் கோத்த வயிற்றைத் தினமும் அளந்து எழுதும்போது 'அப்டாமினல் கெர்த்'. ஏன் என்றால், பழக்கம்தான்.

ஆளைப் பற்றிச் சொல்லலாமா?

'ஆம்பிள் கெர்த்' உள்ளவர் என்றால் குண்டு என்பதை நாசூக்காகச் சொல்வது. கதையில் எழுதலாம், சம்பந்தி வீட்டில் வேண்டாம்.