இலங்கையின் வடக்கில் வீடு கட்டக் கூட்டுறவுச் சங்கம் உதவுமா?

நெல்லை மாவட்டம் கங்கைகொண்டானில் இலங்கை அகதிகள் முகாமிலிருக்கும் உங்கள் அத்தை குடும்பம் கிளிநொச்சிக்குத் திரும்பினால், கூட்டுறவுச் சங்கத்தின் துணையோடு வீடு கட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் காணி (நில) ஆவணம் முதலில் கைக்கு வர வேண்டும். போரில் உறுதிப் பத்திரங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் ஏராளம். அரசு காணியைப் பெர்மிட்டில் (அனுமதிப் பத்திரத்தில்) வைத்திருப்பவர்களுக்கோ அதை ஈடாகக் காட்டி வங்கிக் கடன் பெறுவது கடினம்.

போருக்குப் பிந்தைய இந்திய வீட்டுத் திட்டத்தில், 50,000 வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலா 5,50,000 இலங்கை ரூபாய், கட்டட வேலை முன்னேற முன்னேற, பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே தவணைகளாகச் செலுத்தப்பட்டது. வீட்டுக்காரரே முன்நின்று கட்டும் அம்முறை மிக நல்லது என்றே கருதுகிறேன். ஆயினும் அடுத்த தவணைக்குள் மணலும் கொத்தனார் கூலியும் ஏறியதால், கூரை போடுவதற்காகத் தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்களும் உண்டு. 2022 நெருக்கடியில் சிமென்ட் விலை இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது.

இந்த இடைவெளியில்தான், 1906 முதல் இலங்கையில் இயங்கிவரும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் பயன்படும். சொத்து ஈட்டுக்குப் பதிலாகச் சக உறுப்பினர்களின் பிணையை ஏற்றுச் சிறு கடன் தருவது அவற்றின் வழக்கம். முழு வீட்டுக்கும் அது போதாது. ஆனால் பத்து வீட்டார் சேர்ந்து மொத்தமாகப் பொருள் இறக்கினால், நம் பாளையங்கோட்டைப் பக்கம் போலவே, லாரி வாடகையாவது மிஞ்சும்.

ஆவணமும் சங்க உறுப்புரிமையும் உறுதியாகும்வரை, முகாம் பதிவை நீக்க அவசரப்பட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.