ஓராண்டாக டைமிங் குறையவில்லை. மகள் நீச்சலை விட்டுவிடுவாளோ?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஏழு வயதிலிருந்து நீந்துகிறாள். வேளச்சேரி நீச்சல் குளத்தில் காலை, மாலை இரு வேளையும் பயிற்சி. மாவட்டப் போட்டிகளில் பதக்கங்கள் வாங்கியவள். ஓராண்டாக 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அவள் டைமிங் குறையவே இல்லை. மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றால் புது ஃபோன் வாங்கித் தருவதாகச் சொல்லியும் பயனில்லை. இப்போது விடியற்காலையில் எழுப்பினாலே அழுகிறாள். அவளை எப்படி ஊக்கப்படுத்துவது?

பதில்: ஊக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடலைப் பார்த்துவிடுங்கள். பூப்பெய்தும் பருவத்தில் கை கால்கள் நீண்டு உடலமைப்பு மாறுவதால், சிறு வயதில் பழகிய கைவீச்சு புதிய உடலுக்குப் பொருந்தாமல் போகிறது. அதைத் திரும்பப் பழக மாதக்கணக்கில் ஆகலாம். அதே வயதில் பையன்களுக்குத் தசை வலுக்கூடி வேகம் ஏறுவதால், நேற்றுவரை தனக்குப் பின்னால் வந்தவன் இன்று முந்திச் செல்வதை அவள் அதே லேனில் பார்த்துக்கொண்டிருப்பாள். மாதவிடாய் தொடங்கிய பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவும் சாதாரணமாக வருவது. எனவே மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். தோள்வலி இருக்கிறதா என்றும் கேளுங்கள். உடல் தரும் களைப்பைச் சோம்பல் என்று நாம் திட்டிவிடுவது பெரிய அநியாயம்.

அடுத்தது, அந்த ஃபோன். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களை விடுவிக்கப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நிறுத்தப்பட்ட பிறகு அந்தப் புதிர்களில் முன்பைவிடக் குறைந்த நேரமே செலவிட்டனர். பிடித்துச் செய்த காரியம் கூலிக்குச் செய்யும் காரியமாகிவிட்டது. பிற்பாடு அவரும் ரிச்சர்ட் ரையனும் நிலைத்த ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: இது என் விருப்பம் என்ற உணர்வு, எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு, என்னோடு சிலர் இருக்கிறார்கள் என்ற உணர்வு.

உங்கள் மகளுக்கு இரண்டாவதுதான் உடைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நொடியில் நூறில் ஒரு பங்குவரை அளக்கும் விளையாட்டில், கடிகாரம் ஒன்றே அளவுகோலானால், அது நகராத ஆண்டு முழுவதும் தோல்வியாகவே தெரியும். ஆகவே வேறு அளவுகோல்களைக் கொடுங்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமி, பயிற்சியாளர் சொன்னபடி, 50 மீட்டரைக் கடக்க எத்தனை கைவீச்சு ஆகிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு சிறு நோட்டில் குறித்து வந்தாள். 46 வீச்சு நான்கு மாதத்தில் 42 ஆனது, அதாவது ஒவ்வொரு வீச்சிலும் கூடுதல் தூரம் போனாள். டைமிங் அப்போதும் குறையவில்லை, ஆனால் குளத்துக்குப் போக அவளை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. திரும்பும்போது சுவரை உதைத்தபின் நீருக்கடியில் எவ்வளவு தூரம் போகிறாள் என்பதையும் இப்படிக் குறிக்கலாம். ஃப்ரீஸ்டைலில் 15 மீட்டருக்குள் தலை மேலே வந்துவிட வேண்டும் என்பது விதி.

மற்ற இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. எந்தப் போட்டியில், எந்தப் பிரிவில் நீந்துவது என்பதைப் பயிற்சியாளரோடு அவளே பேசி முடிவெடுக்கட்டும். லேன் தோழிகளோடு பயிற்சிக்குப் பின் பத்து நிமிடம் அரட்டை அடித்தால் அவசரப்படுத்தாதீர்கள். பல பிள்ளைகளைக் குளத்துக்கு இழுப்பது அந்தப் பத்து நிமிடம்தான். கேலரியில் ஸ்டாப்வாட்ச்சுடன் உட்காராதீர்கள். சுவரைத் தொட்டதும் பயிற்சியாளரைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகளை நான் அடிக்கடி காண்கிறேன், மனம் கனத்துப்போகும்.

நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ் 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீந்தினார். பின்னர் கழுத்துக் காயத்தால் அவதிப்பட்டார். அதிலிருந்து மீண்டு, 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். தகுதி நேரம் 1 நிமிடம் 56.48 நொடி, இடைவெளி நொடியில் பத்தில் ஒரு பங்கு. இதை அவளுக்கு அறிவுரையாகச் சொல்ல வேண்டாம். நீங்கள் பொறுமையாக இருப்பதற்காகச் சொல்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் விட்டுவிட விரும்பினால், மோசமான போட்டி முடிந்த அன்று அந்த முடிவை எடுக்க வேண்டாம். இந்தப் பருவம் முடியட்டும். இரண்டு வாரம் குளத்துப் பக்கமே போகாமல் இருக்கட்டும். பிறகு வாரத்தில் எத்தனை நாள் என்பதை அவளே சொல்லட்டும். மூன்று நாள் என்றால் மூன்று நாள். வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஃபோனைப் பொறுத்தவரை, அது தேவை என்று நீங்கள் கருதினால் நீச்சலோடு முடிச்சுப் போடாமல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.