குன்னூரில் டியூன் செய்த பழைய எஸ்டீமோடு கரி டிராக்கில் முதல் கிளப் ரேஸ்: எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?

கேட்ட தம்பிக்கு வயது 20, ஊர் குன்னூர், கையில் பழைய மாருதி எஸ்டீம் கார், கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி ரேஸ் டிராக்கில் முதல் கிளப் ரேஸ். கேள்வியின் கடைசியில் "காட் ரோட்டில் ஓட்டிப் பழகியவனுக்கு டிராக் பெரிய விஷயமா?" என்று ஒரு வரி போட்டிருக்கிறார். அந்த வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். மலைக்காரனுக்கு ஸ்டியரிங் பிறவியிலேயே கையில் வரும் என்று குன்னூர் பெட்போர்டு முதல் ஊட்டி சேரிங் கிராஸ் வரை எல்லா டீக்கடையிலும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பி இறங்கினால் முதலில் போவது பிஸ்டன், அடுத்தது பிரேக்.

உங்கள் வண்டி கார்புரேட்டர் மாடல் என்றே வைத்துக்கொள்கிறேன். இழுவை போதவில்லை என்று ஊர் மெக்கானிக் மெயின் ஜெட்டை (பெட்ரோல் போகும் துளை) சின்னதாக்கியிருப்பார், டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரம்) கொஞ்சம் முன்னே தள்ளியிருப்பார். அவர் மேல் தப்பில்லை, மலைக்கு அது சரியான டியூனிங். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் 81 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். 410 மீட்டரில் இருக்கும் கோவையில் அது 96. அதே ஜெட்டோடு கீழே இறங்கினால் காற்று கூடும், பெட்ரோல் அதற்கு ஏற்ற அளவில் கூடாது. கலவை மெலிந்துபோகும், இன்ஜினுக்குள் சூடு ஏறும், முன்னே தள்ளிய டைமிங்கும் சேர்ந்து தட்டல், அதாவது கலவை தாறுமாறாகத் தானே வெடிப்பது, ஆரம்பிக்கும். ரோட்டில் தட்டினால் காதில் விழும், காலை எடுத்துவிடுவீர்கள். ஹெல்மெட்டுக்குள், ஃபுல் த்ராட்டிலில், சைலன்சர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்த பிறகுதான் தெரியும்.

அதனால் டைமிங்கை ரேஸ் வார வெள்ளிக்கிழமைக்கு முன்பே கம்பெனி அளவுக்குத் திருப்பிவிடுங்கள். மெயின் ஜெட்டில் இப்போது இருப்பதைவிட ஒரு படி, இரண்டு படி, மூன்று படி பெரியதாக மூன்றை வாங்கிப் பையில் வையுங்கள். முதல் பயிற்சிக்குப் பெரியதையே போடுங்கள். பெட்ரோல் கூடினால் நேரம்தான் போகும், குறைந்தால் இன்ஜினே போகும். செஷன் முடிந்து பிட் லேனுக்குள் (டிராக்கை ஒட்டி வண்டிகள் வந்து நிற்கும் பாதை) நுழையும்போது ஐடிலில் உருட்டாமல் கிளட்சை மிதித்து இன்ஜினை அணைத்து உருண்டு வந்து நில்லுங்கள். கொஞ்சம் ஆறவிட்டு நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் பகுதி டீத்தூள் கறை போல வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. கரி படிந்திருந்தால் ஒரு படி இறக்கலாம். சுண்ணாம்பு போல வெளுத்து, அதன் மேல் மிளகுப்பொடி தூவியது போலச் சின்னக் கரும்புள்ளிகள் இருந்தால் அன்று அந்த வண்டியை மறுபடி வெளியே எடுக்காதீர்கள். அது தட்டலின் அடையாளம், அலுமினியம் உருகித் தெறிக்க ஆரம்பித்ததாகவும் இருக்கலாம்.

"என்னுடையது எம்பிஎஃப்ஐ, அதுவே சரிசெய்துகொள்ளும்" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். எம்பிஎஃப்ஐ என்றால் கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் மாடல், அந்தக் கம்ப்யூட்டர்தான் ஈசியூ. கம்பெனி ஈசியூ என்றால் சரிசெய்யும், மறுக்கவில்லை. ஆனால் மலையிலேயே ரீமேப் செய்த (ஈசியூவின் பெட்ரோல், டைமிங் அட்டவணையான மேப்பை மாற்றிய) வண்டியில் ஒரு விஷயம் இருக்கிறது. குன்னூரில் எவ்வளவு மிதித்தாலும் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம் 81 கிலோபாஸ்கலைத் தாண்டாது. மேப்பில் 85, 90, 95 கட்டங்களை அங்கே ஒருதரம்கூட ஓட்டிப் பார்த்திருக்க முடியாது. அந்தக் கட்டங்களுக்கு இன்ஜின் முதன்முதலாகப் போவதே டிராக்கில்தான். ரீமேப்பைக் கோவையில் செய்யுங்கள்.

டயர் காற்றிலும் மலை ஏமாற்றும். குன்னூரில் 30 பிஎஸ்ஐ பிடித்து இறங்கினால் உயரம் குறைந்ததால் மட்டும் கேஜில் 2 குறையும். மதியம் கோவை வெயிலில் அளந்தால் சூடு அதை ஈடுகட்டி மறுபடி 30-க்குக் கிட்டவே காட்டும், சரியாக இருப்பதாக நினைப்பீர்கள். மறுநாள் காலை 7 மணிக்கு அதே டயர் 29-க்குக் கீழே நிற்கும். மலையில் பிடித்த கணக்கை மறந்துவிட்டு, உங்கள் சொந்த கேஜால், வெயில் படாத டயரில், டிராக்கிலேயே காலையில் வையுங்கள். ஓடி வந்ததும் உடனே அளந்து எழுதுங்கள். வளைவுகள் அதிகம் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப் பக்க டயர்தான் கூடுதலாக ஏறியிருக்கும்.

பிரேக் ஆயிலை மாற்றாமல் போகவே போகாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் ஊர் மூடுபனியில் கேட்கவே வேண்டாம். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். கரியில் ஒரு சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர், பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. மூன்றாவது சுற்றில் பெடல் தரைக்குப் போகும். ஒரு லிட்டர் புது ஆயில் முழுசாக மாற்றப் போதும். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையில், தூரமான சக்கரத்தில் தொடங்கிக் காற்றெடுங்கள். டியூபில் குமிழி நின்று, பழைய டீ நிறம் போய்த் தெளிவாக வரும்வரை விடாதீர்கள். செஷன் முடிந்து வந்ததும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, சூட்டில் பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

பிரேக் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் பர்லியார் பக்கம் ஞாயிறு சாயங்காலம் நின்று பாருங்கள், சுற்றுலா வண்டிகளின் முன் சக்கரத்தில் புகை வரும், கருகிய நாற்றம் வரும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறார்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்று போர்டு வைத்தும் படிப்பதில்லை. விபத்து ஆனால் "மலை ரோடு மோசம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், வண்டியைத் தூக்கிவிட ஓடுவது உள்ளூர்ப் பையன்கள்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

இனி ஓட்டும் முறை. காட் ரோட்டில் இடது ஓரத்தை விடாமல் பிடிப்பதுதான் உயிர். டிராக்கில் எதிரே பஸ் வராது, ரோடு முழுவதும் உங்களுடையது. ஆனால் கை கேட்காது, வளைவுக்குள் நுழையும்போது வெளி ஓரத்தில் ஒன்றரை மீட்டரைச் சும்மா விட்டுவிடும். அதனால் வளைவு உங்களுக்கு மட்டும் இன்னும் குறுகிப்போகும். முதல் செஷனில் வேகத்தை மறந்துவிட்டு, முக்கால்வாசி வேகத்தில், வெளி ஓரம், உள் ஓரம், மறுபடி வெளி ஓரம் என்று மூன்றையும் தொடுவதை மட்டும் பழகுங்கள்.

அடுத்தது பிரேக் கால். இறக்கத்தில் லேசாக, நீளமாக மிதிக்கும் பழக்கம் டிராக்கில் சூட்டை மட்டும்தான் கூட்டும். வண்டி நேராக இருக்கும்போதே பலமாக, குறுகிய தூரத்தில் மிதித்து, ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்பக் காலைத் தளர்த்துங்கள். இரண்டாவது கியரை அவசரமாக இழுத்து இன்ஜினைக்கொண்டு நிறுத்தும் பழக்கமும் வேண்டாம். வேகம் குறைவதற்கு முன் போட்டால் ஆர்பிஎம் சிவப்பைத் தாண்டி வால்வு போகும். மலையில் கற்றதில் உதவுவதும் உண்டு. மறைவான வளைவில் அவசரப்படாமல் தாமதமாகத் திருப்புவதும், ஈர ரோட்டில் காலை மெதுவாக வைப்பதும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை வந்தால் சமவெளிப் பையன்களைவிட நீங்கள் நிம்மதியாக ஓட்டுவீர்கள்.

இதையெல்லாம் கல்லட்டியிலோ கோத்தகிரி ரோட்டிலோ ராத்திரி ஒத்திகை பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பொது ரோட்டில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் சிறையே உண்டு. அதற்கு மேல், அந்த ரோட்டில் நடந்து போவது நம் தோட்டத்து ஜனங்கள். யானையும் காட்டெருமையும் வேறு. இதைச் சொன்னால் "பயமுறுத்துகிறான்" என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

காகித வேலையில் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு) போட்டி உரிமம், மருத்துவச் சான்று, ரத்த வகை, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். ஸ்க்ரூட்டினியில் (ரேஸுக்கு முன் வண்டியைச் சோதிப்பது) முதல்முறை வருபவர்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான்: ஆடும் பேட்டரி, மூடாத பாசிட்டிவ் முனை, எரியாத பிரேக் லைட், இழுவைக் கொக்கி இல்லாதது, கெடு முடிந்த தீயணைப்பான். பைக் ஹெல்மெட்டை ஏற்க மாட்டார்கள். ஹெல்மெட், உடை, பெல்ட், காருக்குள் பொருத்தும் பாதுகாப்புக் கூண்டு எதற்கு எந்தத் தரம் என்று உங்கள் கிளாஸின் அந்த வருட விதிப்புத்தகத்தில் பார்த்த பிறகு வாங்குங்கள். டிரைவர் கூட்டத்துக்குத் தாமதமாகப் போகாதீர்கள். மஞ்சள் கொடியில் முந்தக் கூடாது, நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி, கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உங்கள் வண்டியில் கோளாறு, பிட்டுக்கு வா என்று அர்த்தம்.

உடம்பையும் பாருங்கள். 18 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு வந்து, மூன்றடுக்கு உடையில் மூடிய காருக்குள் உட்காரப் போகிறீர்கள். முடிந்தால் ஒரு நாள் முன்பே இறங்கிவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் உப்புப் போட்ட மோரைக் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

ரேஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு இறங்க வேண்டாம், டாடா 407 லாரியில் ஏற்றி இறக்குங்கள். மே சீசனில் ஏற்றம் குன்னூர் வழி, இறக்கம் கோத்தகிரி வழி என்று ஒருவழி ஆக்குவார்கள், அதையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். ஊர் திரும்பியதும் பெரிய ஜெட்டைக் கழற்றிப் பழையதைப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் மலையில் பெட்ரோல் கூடிப்போய் வண்டி இழுக்காது, பிளக்கில் கரி படியும்.